அமெரிக்க அதிபர்களை எந்தத் தராசில் நிறுப்பது?

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! இறையச்சத்தை முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் நினைவூட்டிக்கொண்டு இன்றைய உரையைத் தொடங்குகிறேன்.

சகோதரர்களே! சென்ற மாதம், மிளகு வியாபாரம் செய்யும் நம் ஜமாஅத் சகோதரர் ஒருவருடன் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, திண்ணனூர் நாட்டில் ஒரு சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தோம். கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதியை ‘நாடு’ என்பார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, திண்ணனூர் நாடு என்று அந்த மலை முழுவதும் நாடுகள். ஒரு வீட்டுத் திண்ணையில் எழுபது வயது தாண்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இடிந்து கிடக்கும் கட்டடங்கள், அழும் பெண்கள், நடுவே அமெரிக்க அதிபரின் முகம்.

அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “பாய், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. சின்ன வயசுல மலைக்குக் கீழ பள்ளிக்கூடத்துல சேத்துவிட்டாங்க. அமெரிக்காக்காரன் குடுத்த பால் பவுடரும் கோதுமையும் தின்னுதான் நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சேன். அது இல்லன்னா பாதி நாள் பட்டினிதான். இன்னிக்கு டிவியில குண்டு அவங்குளுதுங்கறாங்க. அவன நல்லவங்கறதா, கெட்டவங்கறதா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை சகோதரர்களே. “யோசிச்சுச் சொல்றேங்க ஐயா” என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அதே கேள்விதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறது நம் தமிழ். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவன் என்று கற்றுத் தருகிறது நம் மார்க்கம். அப்படியானால் சோறு போட்டவனுடைய குற்றத்தைப் பற்றிப் பேசக் கூடாதா? குற்றத்தைப் பேசினால் தின்ற சோற்றை மறந்ததாகிவிடுமா? இன்றைய உரை அந்தப் பெரியவருக்கு நான் சொல்ல வேண்டிய பதில். நமக்கும் அது தேவைப்படுகிறது.

கோதுமைக் கப்பல்களின் கதை

முதலில் அந்தக் கோதுமையின் வரலாற்றைப் பார்ப்போம்.

1954 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ‘பி.எல். 480’ என்று நம் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க விவசாயிகளின் களஞ்சியங்களில் தானியம் மலைபோல் குவிந்து விலை சரிந்துகொண்டிருந்த காலம் அது. அந்த உபரியைப் பசித்த நாடுகளுக்கு அனுப்பும் திட்டம் இது. டாலர் இல்லாத இந்தியா ரூபாயிலேயே விலை கொடுக்கலாம். ஆகவே அதில் தர்மமும் இருந்தது, அவர்களுடைய சொந்த லாபமும் இருந்தது. காமராஜர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு, ‘கேர்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் 1961 முதல் பால் பவுடர் போன்ற பொருட்களைத் தந்தது. பெரியவர் சாப்பிட்டது அந்த வழியில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

1965, 1966 இரண்டு ஆண்டுகளும் மழை பொய்த்தது. நாடே கப்பலை எதிர்பார்த்து நின்றது. கப்பலிலிருந்து நேராக வாய்க்கு என்று அந்த நிலையைச் சொன்னார்கள். திங்கட்கிழமை இரவு உணவை விட்டுவிடும்படி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டார். 1966இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் இறக்குமதியானது. அமெரிக்காவில் விளைந்த கோதுமையில் ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்தது என்பார்கள். பீகார் வறட்சியில் பெரும் பஞ்சச் சாவுகள் நேராமல் தடுத்ததில் அந்தக் கோதுமைக்குப் பெரிய பங்கு உண்டு. இதை மறைப்பது நன்றிகெட்ட செயல்.

ஆனால் கதையின் மறுபக்கமும் உண்டு. அப்போதைய அதிபர் லிண்டன் ஜான்சன், ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் போடும் வழக்கத்தை நிறுத்தினார். மாதத்துக்கு மாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலை விடுவித்தார். கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டார். ஏன்? இந்தியா தன் விவசாயத்தைச் சீர்செய்ய வேண்டும், மற்ற பணக்கார நாடுகளும் சுமையைப் பகிர வேண்டும் என்பது அவர் தரப்பு நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வியட்நாமில் அமெரிக்கா குண்டு போடுவதை இந்தியா விமர்சித்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. பிரதமர் இந்திரா காந்தி 1966 ஜூலையில் மாஸ்கோவில் அந்தக் குண்டுவீச்சுக்கு எதிராகப் பேசியபோது அவர் கோபம் கூடியது. கப்பல் தாமதமானது.

யோசித்துப் பாருங்கள் சகோதரர்களே! வாஷிங்டனில் ஒருவருக்குக் கோபம் வருகிறது. பீகாரில் ஒரு தாய் கோதுமைக்காக வரிசையில் நிற்கிறாள். மாஸ்கோவில் யார் என்ன பேசினார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. வியட்நாம் எந்தத் திசையில் இருக்கிறது என்றும் தெரியாது. அந்தக் கோபத்தின் பாரம் கடைசியில் அவள் தலையில் இறங்குகிறது.

இந்தப் பேரத்தின் நடுவில் ஒரு தமிழர் நின்றார். அன்றைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனுடன் உட்கார்ந்து பேசி, விவசாயச் சீர்திருத்தங்களுக்கு உடன்பட்டு வந்தார். மறு ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் புதிய கோதுமை விதை இறக்குமதி செய்யப்பட்டது. அதன் பின்னணியில் உழைத்த விஞ்ஞானிகளில் ஒருவர் எம்.எஸ். சுவாமிநாதன். 1968இல் கோதுமை விளைச்சல் அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. கையேந்தும் நிலை மெல்ல மெல்ல மாறியது. ஆனால் இங்கே தமிழ்நாட்டில் 1967 தேர்தல் அரிசித் தட்டுப்பாட்டின் நடுவில் நடந்தது. ரூபாய்க்குப் படி அரிசி என்ற வாக்குறுதி வென்றது. காங்கிரஸ் வீழ்ந்தது. சி. சுப்பிரமணியமும் தோற்றார்.

கொல்லிமலைக்காரர்களுக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. அதே சுவாமிநாதனின் பெயரில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம் பிற்காலத்தில் கொல்லிமலைக்கு வந்தது. மலையில் மறைந்துகொண்டிருந்த சாமை, தினை, கேழ்வரகு ரகங்களைக் காப்பாற்ற மலைமக்களோடு சேர்ந்து வேலை செய்தது. வெளியிலிருந்து வரும் தானியத்தை நம்பி ஒரு சமூகம் வாழ்ந்தால் அதன் கழுத்து அடுத்தவன் கையில் இருக்கும் என்பதை அந்தத் தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்டது.

இப்போது சொல்லுங்கள். ஜான்சன் நல்லவரா, கெட்டவரா? அவர்தான் 1964இல் கறுப்பின மக்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1965இல் அவர்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தார். அதே 1965 அக்டோபரில் அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தால்தான் நம் தமிழ் மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் அமெரிக்கக் கதவு திறந்தது. அவர்தான் வியட்நாமில் போரைப் பெருக்கினார். அந்தப் போரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும், பத்து லட்சத்துக்கும் அதிகமான வியட்நாமியரும் மாண்டார்கள். இவ்வளவும் ஒரே கை எழுதிய கணக்கு.

உள்ளத்தை அல்ல, செயலை

மனிதனை மொத்தமாக நிறுத்துத் தீர்ப்புச் சொல்வது அல்லாஹ்வின் வேலை. மறுமையில் அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் தராசில் வரும் என்பது நம் நம்பிக்கை. யாரை மன்னிப்பான், யாரைப் பிடிப்பான் என்பது அவனுக்கே தெரியும். நமக்குத் தரப்பட்ட வேலை வேறு. கண்முன் நடந்த செயலை, இது நீதி, இது அநீதி என்று பிரித்துச் சொல்வது.

உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில் இந்த வரம்பைத் தெளிவாக வகுத்தார்கள். வஹீ இறங்கிய காலம் முடிந்துவிட்டது, இனி வெளியில் தெரியும் செயலை வைத்தே உங்களை நடத்துவோம், உள்ளத்தின் இரகசியம் அல்லாஹ்விடம் என்ற கருத்தில் மக்களிடம் சொன்னார்கள். அதிபர்களைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் முதல் தவறு இங்கேதான் இருக்கிறது. “அவன் உள்ளுக்குள் நம்மை வெறுக்கிறான்” என்கிறோம். அல்லது “அவர் நல்ல மனிதர், அதிகாரிகள் கெடுத்துவிட்டார்கள்” என்கிறோம். இரண்டும் உள்ளத்தைப் பற்றிய பேச்சு. நமக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், அதனால் யாருக்கு என்ன நடந்தது.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் 2003 ஜனவரி 28. அன்றிரவு ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். அந்த ஒரே உரையில் இரண்டு அறிவிப்புகள் இருந்தன. ஆப்பிரிக்காவிலும் கரீபியன் நாடுகளிலும் எய்ட்ஸால் மடிந்துகொண்டிருந்தவர்களுக்கு மருந்து தர 1,500 கோடி டாலர் திட்டம் ஒன்று. சதாம் ஹுசைனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி, ஈராக் மீதான போருக்கு நியாயம் கற்பித்தது மற்றொன்று.

எய்ட்ஸ் திட்டம் இரண்டு கோடிக்கும் அதிகமான உயிர்களைக் காப்பாற்றியதாக அமெரிக்க அரசே கணக்குச் சொல்கிறது. நாமக்கல் மாவட்டத்துக்காரர்களான நமக்கு இந்த நோயின் வலி தெரியும். லாரித் தொழிலோடு அந்த நோயும் வந்து எத்தனை வீடுகளை இருட்டாக்கியது! புஷ்ஷுக்கு முன்பே, 1995 முதல், அமெரிக்க அரசின் உதவிப் பணத்தில் சென்னையைச் சேர்ந்த ஒரு மருத்துவத் தொண்டு நிறுவனம் தமிழ்நாட்டில் லாரி ஓட்டுநர்களிடையே எய்ட்ஸ் தடுப்புப் பணி செய்தது. அது நன்மை. நன்மையை நன்மை என்றே சொல்ல வேண்டும். 2025இல் அதிபர் டிரம்ப் அந்த வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே மூடியபோது, அந்தப் பணத்தை நம்பியிருந்த ஏழை நாடுகளின் மருந்தகங்கள் தத்தளித்தன. அதையும் அதே நேர்மையோடு அநீதி என்று சொல்லலாம்.

ஈராக்கில் என்ன நடந்தது? 2003 மார்ச்சில் படைகள் நுழைந்தன. சொன்ன ஆயுதங்கள் கிடைக்கவில்லை. அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே மறு ஆண்டு அதை ஒப்புக்கொண்டது. போரிலும் அதன் பின்விளைவுகளிலும் இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். ஆப்பிரிக்காவில் பிழைத்த உயிரைக் காட்டி ஈராக்கில் போன உயிரின் கணக்கைக் கழிக்க முடியுமா? முடியாது சகோதரர்களே. பாக்தாதில் பிள்ளையை இழந்த தாயிடம் போய், “அம்மா, அவர் வேறொரு நாட்டில் நிறையப் பேரைக் காப்பாற்றியிருக்கிறார்” என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அதேபோல், உகாண்டாவில் மாத்திரையால் பிழைத்த ஒருவரிடம் போய் “அந்த மாத்திரை பாவப்பட்டது” என்று சொல்லவும் நமக்கு உரிமை இல்லை.

நம் தராசைச் சோதிக்கும் ஆண்டு

இதுவரை சொன்னதற்கு எல்லாரும் தலையசைப்பீர்கள். இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும்.

1971 மார்ச் 25 இரவு. கிழக்குப் பாகிஸ்தான் என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய வங்கதேசம். தேர்தலில் வென்ற வங்காளிகளிடம் ஆட்சியைக் கொடுக்க மனமில்லாத ஜெனரல் யஹ்யா கான், தன் இராணுவத்தை அவர்கள் மீது ஏவினார். டாக்கா பல்கலைக்கழகத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்த மாதங்களில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். இந்துக்கள் குறிவைத்துக் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள்.

டாக்காவில் அப்போது அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்தவர் ஆர்ச்சர் பிளட். நடப்பதைக் கண்ணால் பார்த்து வாஷிங்டனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பதில் இல்லை. ஏப்ரல் 6ஆம் நாள், அமெரிக்க அதிகாரிகள் 20 பேர் கையெழுத்திட்ட கண்டனத் தந்தி அவர் வழியாகப் போனது. நம் அரசு அறத்தைக் கைவிட்டுவிட்டது என்பதே அதன் சாரம். சொந்த அரசுக்கு எதிராகச் சொந்த அதிகாரிகள் எழுதிய கடிதம்! அதிபர் நிக்சனும் ஆலோசகர் கிஸ்ஸிஞ்சரும் என்ன செய்தார்கள்? பிளட்டை அந்தப் பதவியிலிருந்து அகற்றினார்கள். ஏனென்றால் சீனாவோடு இரகசிய உறவு தொடங்க அவர்களுக்கு யஹ்யா கான் தேவைப்பட்டார். அந்த ஜூலையில் பாகிஸ்தான் வழியாகத்தான் கிஸ்ஸிஞ்சர் இரகசியமாகப் பீஜிங் போனார். டிசம்பரில் இந்தியாவை அச்சுறுத்த ‘எண்டர்பிரைஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு அனுப்பப்பட்டது. டிசம்பர் 16இல் பாகிஸ்தான் படை சரணடைந்து போர் முடிந்தது.

நிக்சனின் சீனப் பயணம் உலகப் போர் அபாயத்தைக் குறைத்தது என்று புகழ்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதற்கான விலையை டாக்காவில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இப்போது நம்மைப் பற்றிக் கேட்கிறேன். அங்கே கொன்ற இராணுவம் யாருடையது? கலிமாச் சொன்னவர்களுடையது. கொல்லப்பட்டவர்கள் யார்? அவர்களிலும் கலிமாச் சொன்னவர்கள் இருந்தார்கள். அன்று எத்தனையோ முஸ்லிம் நாடுகள் யஹ்யா கான் பக்கம் நின்றன. நிக்சனின் மறைமுக ஒப்புதலோடு ஜோர்டான் போர் விமானங்களைக் கொடுத்தது. ஈராக்குக்காக நம் மிம்பர்கள் அழுதிருக்கின்றன, அது சரி. வங்கதேசத்துக்காக எத்தனை மிம்பர்கள் அழுதன? 1988இல் சதாம் ஹுசைன் ஹலப்ஜாவில் விஷவாயு வீசி ஏறத்தாழ 5,000 குர்து மக்களைக் கொன்றாரே, அன்று ரீகனின் அமெரிக்கா சதாமுக்குத் துணை நின்றது. அந்தக் கூட்டுக் குற்றத்தில் அமெரிக்காவின் பங்கை மட்டும் சொல்லி, சதாமின் பங்கை நாம் விழுங்கிவிடவில்லையா?

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் எச்சரிக்கிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனமோ, உங்களுக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்று கட்டளையிடுகிறது. முதல் வசனம் பகைவனுக்கு அநீதி செய்வதைத் தடுக்கிறது. இரண்டாவது நம்மவனுக்குச் சலுகை காட்டுவதைத் தடுக்கிறது. இரண்டு தட்டும் சேர்ந்தால்தான் தராசு. அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவி செய்யச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அந்த உதவி என்று விளக்கவும் செய்தார்கள்.

ஆகவே காஸாவைப் பற்றிப் பேசும்போதும் இந்தத் தராசு வேண்டும். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், குழந்தைகளும் முதியவர்களும்கூடப் பணயமாகப் பிடிக்கப்பட்டார்கள். போர் செய்யாதவர்களைக் கொல்வது நம் மார்க்கத்தில் குற்றம், அதைத் தயங்காமல் சொல்வோம். அதன் பிறகு காஸாவில் பல்லாயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டபோது, அதிபர் பைடன் ஆயுதம் அனுப்பினார். போர்நிறுத்தம் கேட்ட தீர்மானங்களை ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்கா தன் வீட்டோவால் பலமுறை வீழ்த்தியது. டிரம்ப் காலத்திலும் அது நடந்தது. அதையும் அதே குரலில், அதே வார்த்தையில் குற்றம் என்று சொல்வோம். முதலாவதைச் சொல்லக் கூசுகிறவனின் இரண்டாவது வார்த்தையை உலகம் நம்பாது.

பரிசும் தீர்ப்பும்

பெரியவருடைய கேள்விக்கு இன்னும் நேரான பதில் சொல்லவில்லை. சோறு போட்டவனின் குற்றத்தைச் சொல்லலாமா?

மக்காவில் கொடுமை தாங்காத முஸ்லிம்களை அபிசீனியாவுக்குப் போகச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அங்கே ஆண்டவர் நஜ்ஜாஷி. அவர் அப்போது முஸ்லிம் அல்ல, கிறிஸ்தவ மன்னர். ஆனால் அவர் நாட்டில் யாருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்று சொல்லித்தான் நபியவர்கள் அனுப்பினார்கள். ஒரு ஆட்சியாளரை எதை வைத்து அளந்தார்கள் பாருங்கள்! பின்னாலேயே குறைஷிகளின் தூதர்கள் விலையுயர்ந்த பரிசுகளோடு வந்து, இவர்களை எங்களிடம் ஒப்படையுங்கள் என்றார்கள். நஜ்ஜாஷி பரிசைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. மறுதரப்பையும் கூப்பிட்டார். ஜஅஃபர் (ரலி) பேசியதைக் கேட்டார். அகதிகளைக் காத்தார். பரிசுகளைத் திருப்பிக் கொடுத்தார்.

பரிசுக்கு நன்றி உண்டு, ஆனால் பரிசு தீர்ப்பை வாங்க முடியாது. இதுதான் பதில் சகோதரர்களே. கோதுமை தந்த அமெரிக்க விவசாயிக்கும், அதை அனுப்பிய அரசுக்கும் நன்றி சொல்வோம். அந்த நன்றியை, வேறொரு ஊரில் விழும் குண்டைக் கண்டும் வாய்மூடி இருப்பதற்கான கூலியாக யாரும் கேட்க முடியாது. அந்தக் கூலியைத்தான் ஜான்சன் கேட்டார். அங்கேதான் அவருடைய தர்மம் கறைபட்டது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று குர்ஆன் நம்மை எச்சரிப்பது இதனால்தான்.

இன்னொன்றையும் நினைவில் வைப்போம். அமெரிக்கா என்பது அதன் அதிபர் மட்டும் அல்ல. பதவியைப் பணயம் வைத்து எழுதிய ஆர்ச்சர் பிளட்டும் அமெரிக்கர்தான். 2003 பிப்ரவரியில் ஈராக் போர் வேண்டாம் என்று நியூயார்க் தெருக்களில் குளிரில் நின்ற இலட்சக்கணக்கானோரும் அமெரிக்கர்கள்தான். ஒரு அதிபரின் குற்றத்தை ஒரு மக்கள் கூட்டத்தின் தலையில் கட்டுவது அநீதி. யாரோ ஒரு முஸ்லிம் செய்த குற்றத்துக்கு நம் அனைவரையும் சந்தேகிக்கும்போது நமக்கு வலிக்கிறதே, அதே வலிதான் அவர்களுக்கும்.

நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சிலர் கேட்பீர்கள்: மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் அமெரிக்க அதிபரை நிறுத்து என்ன ஆகப்போகிறது? வெள்ளை மாளிகை நம் ஜும்ஆவைக் கேட்கப்போகிறதா?

கேட்காது. ஆனால் அங்கே எடுக்கும் முடிவு இங்கே வந்து சேர்கிறது. 2025 ஆகஸ்டில் டிரம்ப் இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தையல் எந்திரங்கள் ஓய்ந்ததைக் கேள்விப்பட்டோம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தூரத்து ஆட்சியாளரை எப்படி நிறுக்கிறோமோ, அப்படித்தான் பக்கத்து ஆட்சியாளரையும் நிறுப்போம். அங்கே பிடித்த தலைவருக்கு ஒரு நியாயம், பிடிக்காதவருக்கு ஒரு நியாயம் என்று நாக்கைப் பழக்கினால், இங்கே நம் சட்டமன்ற உறுப்பினரிடமும், ஜமாஅத் தேர்தலிலும், அண்ணன் தம்பி பாகப் பிரிவினையிலும் அதே நாக்குதான் பேசும். அலைபேசியில் ஒரு செய்தி வந்ததும், நம் பக்கத்துக்குச் சாதகமா என்று மட்டும் பார்த்து அடுத்தவருக்கு அனுப்புகிறோமே, அது சாட்சி சொல்வதற்குச் சமம். உறுதி செய்யாத செய்தியைப் பரப்பி ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்ற அல்ஹுஜ்ராத் அத்தியாயத்தின் எச்சரிக்கை அதிபர்களைப் பற்றிய செய்திக்கும் பொருந்தும்.

போன வாரம் அந்தப் பெரியவரிடம் அலைபேசியில் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். “நல்லவனா கெட்டவனான்னு கேட்டீங்க ஐயா. கோதுமை நல்லது. குண்டு கெட்டது. ரெண்டையும் ரெண்டாவே சொல்லுவோம். ஆள அல்லாஹ் பாத்துக்குவான்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எங்க நாட்டுப் பஞ்சாயத்துலயும் அப்படித்தானுங்க பாய். வரப்புத் தகராறு வந்தா ஆளப் பாக்கக் கூடாதும்பாங்க, வரப்பத்தான் பாக்கணும். ஆனா எம் மச்சான் வரப்புன்னு வந்துட்டா, அதுதான் கஷ்டம்.”

நான் ஒரு மணி நேரமாகச் சொன்னதை அவர் அந்தக் கடைசி வார்த்தையில் சொல்லிவிட்டார் சகோதரர்களே. அடுத்தவன் வரப்பைப் பார்ப்பது எளிது. மச்சான் வரப்பு வரும்போதுதான் நம் நீதி உண்மையா என்று தெரியும்.

அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த அவையில் யாருக்கும் வீட்டோ இல்லை. டாக்காவில் மாண்டவருக்கும், ஹலப்ஜாவில் மாண்டவருக்கும், பாக்தாதிலும் காஸாவிலும் பிள்ளையைப் புதைத்தவருக்கும், பீகாரில் கோதுமைக்காக வரிசையில் நின்றவருக்கும் அங்கே ஒரே தராசுதான்.

யா அல்லாஹ்! பகையிலும் நட்பிலும் நீதி தவறாத நாவை எங்களுக்குத் தா. உதவி செய்தவர்களை மறவாத உள்ளத்தைத் தா. உதவியைக் காட்டி எங்கள் வாயை அடைப்பவர்களுக்கு அஞ்சாத துணிவையும் தா. உலகில் பசியாலும் போராலும் துன்புறும் அனைவருக்கும், அவர்கள் எந்த மதத்தவரானாலும், உன் பாதுகாப்பை அருள்வாயாக! எங்களை ஆள்பவர்களுக்கும், உலகை ஆள்பவர்களுக்கும் நேர்வழி காட்டுவாயாக! ஆமீன்.

வஆகிர் தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.